பதினாலரை அடி

ஹார்பர் ஜீரோ கேட்டில் கியூ நகரவில்லையென்றால் சூசையப்பர் தெருவுக்கு அன்றைக்குப் பேஜார்தான். எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக, கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் நிற்கும். டிரைவர்கள் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போடுகிற அளவுக்கு நிற்கும். பொறுமை போன ஒருத்தன் குறுக்கு வழி என்று எங்கள் தெருவுக்குள் மூக்கை நுழைப்பான். ஒருத்தன் போனால் பின்னால் பத்து பேர் வரத்தானே செய்வார்கள். தெரு அகலமானதுதான், வண்டி போகும். தலைக்குமேல் போகிற ஒயர்களைப் பற்றி எந்த டிரைவரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் அந்த மாதம் மூன்றாவது முறையாக ஹென்றி வீட்டு இன்டர்நெட் ஒயர் அறுந்தது.

ஹென்றி ஹார்பரில் முப்பத்தொரு வருடம் சிக்னல்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மேலே கிரேனில் இருக்கிறவனுக்குக் கீழேயிருந்து கைகாட்டிப் பெட்டியை இறக்க வைக்கிற வேலை. கை தெரியாவிட்டால் குரல் கொடுக்க வேண்டும். அதனால் அவர் காதோடு காதாக ரகசியம் சொன்னாலே மாதா கோயில் வரைக்கும் கேட்கும். மனைவி வியாகுலம்மாள் காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். ஒரே மகன் பிராங்கிளினுக்குக் கப்பலில் வேலை, எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். மருமகள் ஷைனி, எம்.கே.பி. நகர்ப் பெண், மாடியறையில் உட்கார்ந்து ஒரு இன்டர்நெட் கம்பெனிக்காகப் போன் பேசுகிறாள். கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நம் நம்பரைக் கண்டுபிடித்து தினமும் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் பாதி வியாகுலம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒன்றை மூன்றாகச் சொல்கிறவள். ரெண்டைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கிய முதல் பெண் ஷைனி. வியாகுலம்மாள் அந்தத் தாளை லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். முதல் ஒன்றரை வருடம் ஷைனி பெருங்குடி ஆபீசுக்குப் போய்வந்தாள். பஸ் மாறி, ட்ரெயின் மாறி, போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். ஒரு மழைக்காலத்தில் ட்ரெயினிலேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி விட்டது. அதற்கும் ரெண்டு நிபந்தனை. ஒன்று, வீட்டில் கம்பெனியின் சொந்த லைன்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே மாதத்தில் நாலு தடவை லைன் போனால் மறுபடியும் பெருங்குடிதான்.

மூன்று தடவை போய்விட்டது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை வியாகுலம்மாள் வாசலில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது. தெருவுக்கெல்லாம் கேபிள் கொடுக்கிற லூயிஸ், தோளில் ஏணியோடு வந்து நின்றான்.

"இன்னா நைனா, மூணாவது வாட்டியும் ஒட்டு போட்டுட்டுப் பூட்டானுங்களா?"

"பூட்டானுங்க. அதே எடத்துல, அதே ஒசரத்துல," என்றார் ஹென்றி. "கீழருந்து தொண்ட கிழியக் கத்தறேன், தூக்கிக் கட்டுடா, தூக்கிக் கட்டுடான்னு. 'மேல எழுதிப் போடறோம் அங்கிள்'ன்றான். மேல யாருடா கீறா, ஆண்டவரா?"

"திங்கக்கெழம படா கப்பல் ஒண்ணு வருதாமே?"

"வருது. பாதிக்குமேல ஹை கியூபு பாக்ஸாம், சாதாவ வுட ஒரு அடி ஒசரம், ஹார்பர் தோஸ்து சொன்னான். கியூ பிச்சிக்கும். நம்ம தெருவுல தேரு மாதிரி வருவானுங்க."

"அப்ப நாலாவது அறுப்பு நிச்சயம். பேசாம என் லைனுக்கு மாறிடு நைனா. என் ஒயரு இருவதடில போது. எந்த வண்டி வந்தாலும் ஒரசாது."

வியாகுலம்மாள் கத்தியை நிறுத்தினாள். "ஏன்டா, நீ ஒயரு குடுக்க வந்தியா, எம் மருமவளப் பெருங்குடிக்குத் தொரத்த வந்தியா? கம்பெனி லைன எடுத்தா அவ வேலை இன்னா ஆவும்?"

"ஐய, நல்லதுதான யக்கா சொல்றேன். வெச்சினு இருந்தாலும் பூடும், எடுத்தாலும் பூடும். நடுவுல அந்தப் பொண்ணு ஏன் அல்லாடணும்?"

ஹென்றி மாடி ஜன்னலைப் பார்த்தார். உள்ளே ஷைனி யாரிடமோ, "மிக்க நன்றி சார், உங்கள் நாள் இனிமையாக அமையட்டும்" என்று சொல்வது கேட்டது. அந்தத் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சங்கடமும் வரும். போன வருடம் அவர் கூடத்தில் நின்று பேசியது ஷைனியின் போன் பேச்சோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. பின்னால் கொச்சையாக யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று கம்பெனியில் அவளுக்கு மார்க்கைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து அவர் போன் வந்தால் தெருமுனைத் தண்ணீர் டேங்க் வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வருவார்.

"ஒண்ணு செய் நைனா," என்றான் லூயிஸ். "கம்ப்ளெயின்ட் நம்பருக்குப் போட்டா மிஷினுதான் பேசும். கனெக்ஷன் வாணாம்ன்றதுக்குத் தனியா ஒரு நம்பரு கீது, அத்த அழுத்து. ரெண்டு செகண்டுல மன்ஷன் வருவான். இருக்கறவனக் கண்டுக்க மாட்டானுங்க, போறவன் கால்ல வுழுவானுங்க."

"வாணாம்னு நெசமாவே எட்துட்டான்னா?"

"சும்மா மெரட்டு நைனா. அலறியடிச்சினு வந்து தூக்கிக் கட்டுவான்."

ஹென்றி போனை எடுத்துக்கொண்டு டேங்க்கைப் பார்க்க நடந்தார். வெயிலில் டேங்க் அடியில் நாய் படுத்திருந்தது. அதனால் பாதி வழியிலேயே, அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே வேப்பமர நிழலில் நின்று நம்பரை அழுத்திவிட்டார்.

வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஷைனி போன் பேசுகிறாள் என்று தெரியும், என்ன பேசுகிறாள் என்று தெரியாது. கனெக்ஷன் வேண்டாம் என்று கூப்பிடுகிறவர்களைப் பேசிப் பேசி நிறுத்தி வைக்கிற பிரிவுதான் அவளுடையது. சொன்னால் மாமனார் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார் என்று அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை ஷிப்டில் தமிழுக்கு மொத்தம் நாலே பேர்.

"வணக்கம். நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"மேடம், உங்க கனெக்ஷன் எனுக்கு வாணாம். வந்து அவுத்துகினு போங்க!"

ஷைனி திரையில் பெயரைப் பார்க்கவே தேவையில்லை. அந்தக் குரல் ஒருமுறை ஹெட்போனிலும் ஒருமுறை ஜன்னல் வழியாகவும் வந்தது.

சொந்தக்காரர் கூப்பிட்டால் வேறு ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றத்தான் போனாள். அதற்குள் ஹென்றியின் கணக்கு திரையில் விரிந்துவிட்டது. மூன்று தடவை ஆட்கள் வந்துபோன தேதி. மூன்றுக்கும் கீழே ஒரே குறிப்பு, இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இதுதான்: 'ஏரியா ஆட்கள் கேபிளை வெட்டுகிறார்கள். ரிஸ்க் ஏரியா. நிரந்தரத் தீர்வுக்கு வாய்ப்பில்லை.'

மாற்றுகிற பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"சார்... உங்கள் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுவதாகத் தெரிகிறது. அதற்கு வருந்துகிறோம் சார்."

கீழே ஹென்றி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அந்த 'சார்' யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தார். வைத்தால் அவளுக்குத்தான் மார்க் போகுமோ என்று பயம்.

"ஆமாம்... மேடம்," என்றார் மெதுவாக.

"உங்கள் பகுதியில் யாராவது கேபிளை வெட்டுகிறார்களா சார்?"

"இன்னாது?" மரத்திலிருந்த காக்கை பறந்தது. "வெட்றாங்களா? எவன் சொன்னான்? மேடம், எழுதிக்கோ. சாதா பாக்ஸு எட்டரை அடி. டிரெய்லரு பெட்டு அஞ்சடி. கூட்டினா பதிமூணரை. உங்க ஆளுங்க ஒயரக் கட்டி வெச்சிகிறது பதினாலு அடில. சாதா பாக்ஸு ஒரசாம பூடும். ஹை கியூபு பாக்ஸு ஒம்போதரை. இப்ப கூட்டு. பதினாலரை அடி! அரை அடி இடிக்குமா இடிக்காதா?"

"இடிக்கும் சார்."

"அதான் மேடம் மேட்டரு. ஜீரோ கேட்டுல கியூ நின்ன அன்னிக்கு மட்டும்தான் அறுந்துகீது. தேதியப் பாத்துக்கோ. கத்தியுமில்ல, கடப்பாரையுமில்ல."

"ஒயர் பதினாலு அடியில் இருப்பதை அளந்து பார்த்தீர்களா சார்?"

"முப்பத்தொரு வர்ஷம் பாக்ஸு எறக்கினவன் கண்ணு மேடம் இது. டேப்பு வோணும்னா நீங்க எட்துகினு வாங்க."

ஷைனி ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. "எத்தனை அடியில் கட்டினால் பிரச்சினை இருக்காது சார்?"

"பதினெட்டு. எங்க மொட்டமாடில பைப்பு நட்டு எட்துகினு போங்க. எடம் நான் தரேன்."

"இருபத்துநாலு மணி நேரம் அவகாசம் தர முடியுமா சார்?"

"உனுக்காவ..." என்று ஆரம்பித்தவர் சுதாரித்துக்கொண்டார். "உங்களுக்காவ தரேன் மேடம்."

மத்தியானம் அவள் சாப்பிட இறங்கி வந்தபோது ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வியாகுலம்மாள் காரப்பொடிக் குழம்பை ஊற்றினாள். ஹென்றி ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்த மேடம் நல்லாத்தான் பேசிச்சி," என்றார்.

ஷைனிக்குப் புரையேறிவிட்டது. "மாமா! அது பூரா ரெக்கார்டு ஆயிருக்கும்."

"ஆவட்டும். நான் இன்னா கலீஜாவா பேசினேன்?"

"ஷோக்கா பேசினீங்க. எங்க எஞ்சினீயருக்குக் கூட அந்தக் கணக்கு தெரியாது."

"இன்னாது, யாரு கூட யாரு பேசினது?" என்றாள் வியாகுலம்மாள். விஷயம் தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே வூட்ல குந்திகினு சார், மேடமா? நல்லா கீதுடி!"

"ஏம்மா, வெட்றாங்களான்னு ஏன் கேட்ட?" என்றார் ஹென்றி.

"அது ஃபார்ம்ல இருக்கற கேள்வி மாமா," என்றாள் ஷைனி. பொய்யைச் சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து வருவதற்குள் கம்பெனி வண்டி வந்து நின்றது. வண்ணாரப்பேட்டை அப்சல் என்கிற லைன்மேன், கூட ரெண்டு பேர். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் இரும்புப் பைப்பை நட்டார்கள். ஹென்றி நடுத்தெருவில் நின்று ஹார்பர் கணக்கில் கை காட்டினார். கட்டைவிரல் மேலே, இன்னும் மேலே, முஷ்டி மடக்கினால் நிறுத்து. மேலே இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பத்து நிமிஷத்தில் அவர்களே அவர் கையைப் பார்த்துத்தான் அசைந்தார்கள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வியாகுலம்மாள், தான் பெற்ற பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

டீ குடிக்கும்போதுதான் அப்சல் சொல்லிவிட்டான். தப்பாக ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

"கரெக்டா சொல்ட்ட நைனா. எங்களுக்கு வந்த பேப்பர்ல, ஏரியா ஆளுங்க ஒயர வெட்றாங்க, ரிஸ்க் ஏரியா, ஜாக்கிரதைன்னு போட்டிருந்துது. நான் பக்கத்து ஏரியாக்காரன், எனுக்கே சிரிப்பு வந்துது."

ஹென்றி டம்ளரைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்த்தார். ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஃபார்ம்ல இருக்கற கேள்வி," என்றார் அவர்.

"மாமா..."

"முப்பத்தொரு வர்ஷம். என் கை காட்டி எறக்கின ஒரு பாக்ஸுல ஒரு சீலு ஒடஞ்சதில்ல. டெய்லி கேட்டுல தடவிப் பாத்துதான் வெளிய வுடுவான். ஒரு நாளு ஒரு ஆணி எங்கையில இருந்ததில்ல. நான் ஒயர வெட்றவனா?" என்றவர், அப்புறம் குரலை இறக்கினார். "சரி வுடு. எழுதினா எழுதிகினு போறான். உன் வேலைதான் முக்கியம். அத்தக் காப்பாத்திக்க."

திங்கட்கிழமை கப்பல் வந்தது, கியூ நின்றது, தெருவுக்குள் டிரெய்லர்கள் நுழைந்தன. ஹை கியூப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவில் மூன்றரை அடி இடைவெளி. தெருவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஹென்றி வாசலுக்கே வரவில்லை. உள்ளே உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சத்தம் கேட்காத முதல் நாள் அதுதான்.

ஷைனியால் அதைத் தாங்க முடியவில்லை. டீம் லீடர் திருமுருகனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் குறிப்ப எடுத்துடணும் சார். காரணம் தெரிஞ்சு சரியும் பண்ணியாச்சே. யாரும் வெட்டலை."

"அது தனி ஆளுக்குப் போட்டது இல்ல ஷைனி, ஏரியாவுக்கே போட்ட டேக். அத எடுக்கறது நம்ம கையில இல்ல."

"அப்ப இந்த ஏரியாவுல இருந்து யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் வருமா சார்?"

"வரும். அதுக்கு நீ ஏன் ஃபீல் பண்ற? நீ சூப்பரா பேசறே. உன்னோட குரலக் கேட்டா யாரும் உன்ன அந்த ஏரியாப் பொண்ணுன்னு சொல்ல மாட்டாங்க."

திருமுருகன் நல்லவர்தான். மனசாரப் பாராட்டித்தான் சொன்னார். ஷைனி "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஐந்து வருடமாக இந்தப் பாராட்டுக்காகத்தான் தொண்டையைச் சுருக்கிக்கொண்டு பேசினோமா என்று அவளுக்கு அழுகை வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. படியிறங்கி வந்தாள்.

"மாமா, போனப் போடுங்க."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு. இந்த லைன் நமக்கு வாணாம்."

ஹென்றி எழுந்துவிட்டார். "இன்னாம்மா சொல்ற? ஒயரு நல்லா ஆயிடுச்சி. இப்பப் போயி? உன் வேலை?"

"வேலை எங்கயும் போவாது. பெருங்குடிக்குப் போறேன். ட்ரெயினு ஓடிகினுதான கீது?"

"மயக்கம் போட்டு வுழுந்தியே, மறந்துட்டியா?"

"அப்ப காலைல துன்னாம போனேன் மாமா. இப்பத் துன்னுட்டுப் போறேன்." மொட்டைமாடிப் பக்கம் கையைக் காட்டினாள். "நம்மள வெட்றவங்கன்னு எழுதி வெச்சிருக்கறவன் ஒயரு நம்ம வூட்டு மேல போவக்கூடாது. நான் அங்கயே போய் குந்தி, அவங்க மூஞ்சியப் பாத்து, எந்த ஏரியான்னு சொல்லிட்டு வேலை செய்யறேன்."

ஹென்றி மனைவியைப் பார்த்தார். வியாகுலம்மாள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்கற? நான் மூணு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போறவ. எம் மருமவளுக்கு ஒரு டப்பா சோறு கட்டமாட்டனா? போடுய்யா போன."

ஷைனி மாடிக்குப் போய் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஹென்றி வேப்பமரத்தடிக்குப் போனார். முதல் தடவை வேறு ஒரு பெண் எடுத்தாள். "ராங் நம்பரு மேடம்" என்று வைத்துவிட்டார். ரெண்டாவது தடவை ஒரு பையன். அவனிடமும் அதையே சொன்னார். ஐந்தாவது தடவைதான் சரியான ஆள் கிடைத்தாள்.

"சொல்லுங்க மாமா," என்றாள் ஷைனி. "இன்னா வோணும்?"

அந்தக் கம்பெனியின் பதிவில் அப்படி ஒரு வணக்கம் அதற்குமுன் விழுந்திருக்காது.

"லைன எட்துடும்மா."

"இருக்கச் சொல்லி நான் உங்களைக் கெஞ்சணும். அதான் என் வேலை. கெஞ்சலை. காரணம் மட்டும் கேக்கணும், ரூல்ஸு. வெலை ஜாஸ்தி, ஸ்பீடு கம்மி, வூடு மாறுறது, மத்தது. நாலுதான் கீது."

"நாலுல நம்முது எது?"

"மத்தது," என்றாள். அதை அழுத்தியதும் கீழே ஒரு காலிப் பெட்டி திறந்தது. அவள் தட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தாள். "சூசையப்பர் தெருவுல எவனும் ஒயர வெட்டலை. நீங்க தாழக் கட்டினீங்க. இத்த எழுதறது அந்தத் தெருப் பொண்ணு. சரியா மாமா?"

"கரெக்டு."

இணைப்பு உடனடியாகத் துண்டிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. அவள் சம்மதம் என்பதை அழுத்தினாள்.

மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. ஹெட்போனில் சத்தமே இல்லை. கீழே மரத்தடியில் ஹென்றி போனைக் காதில் வைத்தபடி, "ஹலோ? மேடம்? ஹலோ?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஷைனி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஜன்னலைத் தள்ளித் திறந்து தலையை வெளியே நீட்டினாள். கியூவில் நின்ற டிரெய்லர் டிரைவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினாள்.

"கட் ஆயிடுச்சி மாமா! லூயிச வரச் சொல்லுங்க!"